கேள்வி நிற்கும்போது

சவப்பெட்டி விளம்பரம் வந்தபோது ஆர்டென் மீன்பிடிக் காணொளி பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சின் மேல் டேப்லெட். உறைந்த ஏரியில் துளை போட்டு ஒருவன் தூண்டிலை இழுத்துக்கொண்டிருந்தான். மீன் மேலே வருவதற்குள் படம் நின்றது. பைன் மரப் பெட்டி ஒன்று திரையில் மெல்லச் சுழன்றது. அன்புக்குரியவருக்கு விடைகொடுக்கும் நேரம் நெருங்குகிறதா என்று ஒரு பெண் குரல் கேட்டது.

நாடீன் அடுப்படியில் இருந்தாள். குரல் அவள் காதிலும் விழுந்தது.

ஸ்கேன் முடிவு முந்தின வாரமே வந்திருந்தது. டாக்டர் கூப்பிடுவதற்கு முன்பே மருத்துவமனையின் வலைத்தளத்தில் ஏற்றிவிட்டார்கள். அவள்தான் அதைத் திறந்து படித்தாள். நோய் முற்றிவிட்டிருந்தது. ஆர்டெனிடம் சொல்லவில்லை. மான் வேட்டைக் காலம் தொடங்க இருந்தது. காட்டுக்குள் இருக்கும் தன் பரணில் ஒரு தடவையாவது அவர் போய் உட்காரட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். டாக்டரிடமும் அப்படியே கேட்டுக்கொண்டாள். ஆர்டென் தூங்கும் நேரங்களில் அதே டேப்லெட்டில் ஹார்த்வெல் தளத்தைத் திறந்து பார்த்தாள். வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர்களுக்கான தளம் அது. படுக்கையில் விரிப்பு மாற்றுவது எப்படி. பசி நின்ற பின் என்ன கொடுப்பது. கடைசி வாரங்கள் எப்படி இருக்கும்.

ஆர்டென் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?"

அந்த வருடம் அவர் வேட்டைக்குப் போகவில்லை. துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். குளிர்காலம் முடியுமுன் இறந்தார்.

*

வழக்கு யோசனை மார்லிஸுடையது. ஆர்டெனின் அக்கா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் ஏரிக்கரை உணவகத்தில் வறுத்த மீன் சாப்பிடப் போவார்கள். ஆர்டென் இருந்தபோது மூன்று பேர். இப்போது இரண்டு.

"ஏய், இதப் பாரு." மார்லிஸ் போனைத் தட்டுக்கு மேலே நீட்டினாள். "இது நீ பாத்த ஹார்த்வெல்தானே?"

"எண்ணெய் சொட்டுது, தள்ளிப் புடி."

"சொட்டட்டும். படி."

சிகாகோ வக்கீல் நிறுவனம் ஒன்றின் விளம்பரம். ஹார்த்வெல்லில் காணொளி பார்த்தவரா நீங்கள்? நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பது உங்கள் பெயரோடு வேறு நிறுவனங்களுக்குப் போயிருக்கலாம். உங்களுக்கு உரிமை உண்டு.

"இப்பத் தெரியுதா அந்தப் பெட்டி எங்கேர்ந்து வந்துச்சுன்னு? நீ பாக்கப் பாக்க இவனுங்க போய் வத்தி வெச்சிருக்கானுங்க. என் தம்பிக்குச் சாவு வருதுன்னு சொன்னது நீயும் இல்ல, டாக்டரும் இல்ல. சவப்பெட்டி விக்கிறவன்."

"முடிஞ்சு போச்சு, மார்லிஸ்."

"உனக்கு முடிஞ்சிருக்கும். நான் அவன் மூஞ்சியப் பாத்தேன். வேட்டைக்குப் போற அன்னிக்குக் காலைல நான் வந்து நிக்கறேன், அவன் பைஜாமாவோட உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டிருக்கான். போன எடு. வேணாம், நீ டைப் பண்ணி முடிக்கறதுக்குள்ள அடுத்த தேர்தல் வந்துரும். குடு, நானே போடறேன்."

நாடீன் போனைக் கொடுத்தாள். மறுத்திருக்கலாம். ஆனால் மார்லிஸ் சொன்னது பொய்யில்லை. அந்தப் பெட்டி சுழன்றதை நாடீனும் மறக்கவில்லை. ஆர்டெனிடம் தன் வாயால் சொல்லவேண்டியதை யாரோ பறித்துக்கொண்டார்கள். அந்தக் கோபம் அவளுக்கும் இருந்தது.

மறுவாரமே வக்கீல் கூப்பிட்டாள். பெயர் கோரின் அடேர். இளவயதுக் குரல், வேகமான பேச்சு.

"இது வீடியோ கேசட் காலத்துச் சட்டம், மிஸஸ் ஸ்வோபடா. ஒரு நீதிபதி வாடகைக்கு எடுத்த கேசட்டெல்லாம் என்னென்னன்னு ஒரு பத்திரிகை போட்டுடுச்சு. அடுத்து நம்ம லிஸ்டும் வந்துடுமோன்னு அரசியல்வாதிங்க பயந்து போய் அவசரமா ஒரு சட்டம் போட்டாங்க. ஒருத்தர் என்ன பாத்தாருங்கறத அவர் சம்மதம் இல்லாம வெளிய சொல்லக் கூடாது. கேசட்டுக்குப் போட்டது இப்ப நமக்கு உதவுது."

"என்ன மாதிரி எத்தன பேர்?"

"ஆயிரக்கணக்கா. ஆனா எல்லாருக்குமா ஒருத்தர் முன்னால நிப்பாங்க. கேஸ் அவங்க பேர்லதான் நடக்கும். உங்க கதையக் கேட்டதும் எனக்குத் தூக்கமே வரல. நீங்கதான் அந்த ஆள்."

நாடீன் சரி என்றாள்.

*

வசந்தத்தில் கோரின் மறுபடி கூப்பிட்டாள். எதிர்த்தரப்பு வேலையைத் தொடங்கிவிட்டது என்றாள்.

"ஒரு விஷயம். அந்த டேப்லெட், போன், எல்லாக் கணக்கும் அப்படியே இருக்கணும். ஒண்ணையும் அழிக்கக் கூடாது. கேஸ் போட்டப்புறம் அழிச்சா நீதிமன்றம் சும்மா விடாது."

"நான் என்ன பாத்தேன்னு அவங்க கேப்பாங்களா?"

"கேக்கவே வேணாம். தளமே அவங்களோடது. அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு."

தொட்டிக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாடீன் அதை மூடினாள்.

"லைன்ல இருக்கீங்களா?"

"நான் வெலகிக்கிட்டா?"

"விலகலாம். ஆனா ஏன்னு கேப்பாங்க. உங்க வாக்குமூலம் எப்படியும் வேணும்னு நிப்பாங்க." கோரின் குரலைத் தணித்தாள். "பயப்படாதீங்க. வெறும் தலைப்புங்கதான் இருக்கும். நோயாளிய வெச்சுப் பாத்துக்கறவங்க எல்லாரும் பாக்கற தலைப்புங்க."

அதுவும் உண்மைதான். நாடீன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது. மூச்சு மாறும்போது. மார்ஃபின் சொட்டு கொடுப்பது. எந்த மனைவியும் பார்ப்பாள். வெறும் தலைப்பை வைத்து யாரும் எதுவும் சொல்லமுடியாது.

தலைப்புக்குப் பின்னால் இருந்தது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஆர்டெனின் மகன் வெஸ் அலாஸ்காவில் மீன் ஆலையில் வேலை செய்தான். முதல் மனைவியின் பிள்ளை. அவள் விட்டுப் போனபின் அவனை வளர்த்தது மார்லிஸ். ஆர்டெனின் கடைசி நாள் காலையில், அப்பாவைப் பார்க்க அவன் கிளம்பிவிட்டிருந்தான், மறுநாள் வந்துவிடுவான். மார்லிஸ் தம்பியின் காதருகே குனிந்து, "இன்னும் ஒரே ஒரு நாள்டா, தாக்குப் புடி" என்று சொல்லிவிட்டு, வெஸ்ஸுக்கு அறை ஒழிக்கத் தன் வீட்டுக்குப் போனாள்.

அவள் கார் சத்தம் தேய்ந்த பிறகு ஆர்டென் நாடீனின் சட்டைக் கையைப் பிடித்தார். முன்பும் கேட்டிருந்தார். அன்று காலை கெஞ்சினார்.

மருந்துப் புட்டி குளிர்பெட்டிக் கதவில், கடுகுச் சாந்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அடுப்படியில் நின்று டேப்லெட்டைத் திறந்தாள். காணொளியில் வந்த நர்ஸ், எந்த அளவைத் தாண்டக்கூடாது என்று சொன்னாள். நாடீன் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். மறுபடியும். பிறகு டேப்லெட்டை மூடிவிட்டு, சொட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு, ஆர்டெனின் கட்டில் கிடந்த வரவேற்பறைக்குப் போனாள்.

மதியம், வழக்கமாக வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் வந்தாள். இறந்தவர் வீடுகளில் செய்வதுபோல், வேறு யாரும் எடுத்துவிடாதபடி மிச்ச மருந்தைப் பூனைக் கழிவு மணலில் கொட்டிக் கலந்து பையில் கட்டினாள். புட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் சொல்லவில்லை.

"ஒரு நாள்," என்று மார்லிஸ் அடக்கத்தின்போது சொன்னாள். அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "கடவுளுக்கு ஒரு நாள் கூடக் குடுக்க மனசு வரல."

நாடீன் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினாள்.

*

வாக்குமூலம் கிரீன்பே நகரில், ஒரு வங்கிக் கட்டடத்தின் மேல்மாடியில். மார்லிஸ்தான் கார் ஓட்டினாள். பெரிய ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவந்திருந்தாள்.

"நல்லாக் குடு அவனுங்களுக்கு," என்றாள் வழியெல்லாம். "அழுகை வந்தா அடக்காத. அழு. படம் புடிப்பாங்களாம்ல, அழுதா எடுபடும்."

லிஃப்டில் கோரின் விதிகளைச் சொன்னாள். நேரில் அவள் இன்னும் இளையவளாகத் தெரிந்தாள்.

"ஜட்ஜ் இருக்கமாட்டார். அவங்க வக்கீல் கேப்பார், நீங்க சத்தியம் பண்ணிட்டுப் பதில் சொல்லணும். தப்பான கேள்வியா இருந்தா நான் ஆட்சேபம்னு சொல்லுவேன். அதையும் டைப் பண்ணிக்குவாங்க. அப்புறம் நீங்க பதில் சொல்லணும்."

"ஆட்சேபம் சொன்னதுக்கப்புறமுமா?"

"ஆமா."

"அப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"பின்னாடி ஜட்ஜ் படிக்கறதுக்கு." கோரின் லேசாகச் சிரித்தாள். "இடைவேளை எப்ப வேணாலும் கேளுங்க. ஆனா கேள்வி ஒண்ணு நிக்கும்போது கிடையாது. மொதல்ல பதில், அப்புறம்தான் காப்பி."

நீள மேசை. ஒரு முனையில் கேமரா. பக்கத்தில் ஒரு பெண் சின்ன இயந்திரத்தின் மேல் விரல்களை வைத்துக் காத்திருந்தாள். அங்கே பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் அவள் அடித்துவிடுவாள். ஹார்த்வெல்லின் வக்கீல் ஸ்டாண்டிஷ் எழுந்து நின்று கை கொடுத்தார். நரைத்த புருவம், மென்மையான குரல். தொண்டைக்கு மிட்டாய் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"மிஸஸ் ஸ்வோபடா, மொதல்ல என் அனுதாபங்கள். இதுல கொஞ்சம் சொந்த விஷயமெல்லாம் வரும். உங்க நாத்தனார் வெளிய உக்காந்திருந்தா உங்களுக்குச் சௌகரியமா இருக்குமா?"

"நாத்தனாருக்கு இங்கதான் சௌகரியம்," என்றாள் மார்லிஸ். "என் தம்பி செத்ததப் பத்தித்தானே பேசப்போறீங்க?"

ஸ்டாண்டிஷ் நாடீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது வெறும் மரியாதைக்காக இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. போகச் சொன்னால் மார்லிஸ் ஏன் என்று கேட்பாள். இன்று இல்லாவிட்டால் காரில். காரில் இல்லாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை.

"இருக்கட்டும்," என்றாள்.

சத்தியம் முடிந்தது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. முதலில் எல்லாம் சுலபமாக இருந்தது. பெயர், ஊர், பள்ளிக்கூட அலுவலகத்தில் பார்த்த வேலை. அந்த விளம்பரம். நாடீன் அதைச் சொன்னபோது குரல் உடைந்தது. மார்லிஸ் மேசைமேல் கைக்குட்டையை அவள் பக்கம் தள்ளினாள். ஸ்டாண்டிஷ் காத்திருந்தார். மிட்டாய் ஒன்றைப் பிரித்தார்.

பிறகு ஒரு கட்டுத் தாளை எடுத்து அவள் முன் வைத்தார். கோரினுக்கு ஒரு பிரதி.

"இது எங்க கட்சிக்காரர் வெச்சிருக்கற பதிவு. உங்க கணக்கு. தலைப்பு, தேதி எல்லாம் இருக்கு. இதெல்லாம் நீங்க பாத்ததுதானே?"

நாடீன் பார்த்தாள். அவள் நினைத்திருந்த தலைப்புகள்தான். ஆனால் ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே பொடி எழுத்தில் வரிசையாக வேறு ஏதோ இருந்தது.

"இந்தச் சின்ன எழுத்து என்ன?"

"நீங்க எங்க நிறுத்தினீங்க, எங்க பின்னால தள்ளுனீங்க, எந்த இடத்த மறுபடி பாத்தீங்க. ஆளுங்களுக்கு எது உபயோகப்படுதுன்னு தெரிஞ்சுக்க அவங்க இதெல்லாம் வெச்சுப்பாங்க."

கோரின் தன் பிரதியை வேகமாகப் புரட்டினாள். இதை அவளும் இப்போதுதான் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

ஸ்டாண்டிஷ் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தலைப்பாக வாசித்தார். படுக்கைப் புண். ஆமா, பாத்தேன். மூச்சு மாறும்போது. ஆமா. சிலவற்றுக்கு நடுவே அவள் கவனிப்பைப் பாராட்டினார். தன் அம்மாவையும் வீட்டில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். கடைசித் தாளுக்கு வந்தார்.

"மார்ஃபின் சொட்டு கொடுப்பது எப்படி. இது கடைசி. இதுக்கப்புறம் நீங்க அந்தத் தளத்தத் திறக்கவே இல்ல. தேதி இங்க இருக்கு. மிஸ்டர் ஸ்வோபடா தவறினது எந்தத் தேதி?"

"அதே நாள்."

"நீங்க பாத்தது காலைல."

"ஆமா."

"காணொளி நீளம். ஆனா அதுல ஒரு சின்ன இடத்த மட்டும் திரும்பத் திரும்பப் பாத்திருக்கீங்க. நர்ஸ் ஒரு அளவச் சொல்லி, இத எப்பவும் தாண்டக் கூடாதுங்கற இடம்." ஸ்டாண்டிஷ் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த இடத்துக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் போனீங்க?"

"ஆட்சேபம்," என்றாள் கோரின். "கேஸுக்குச் சம்பந்தம் இல்ல."

இயந்திரத்தில் விரல்கள் மெல்ல அசைந்து நின்றன.

"சம்பந்தம் உண்டு. இவங்க ஆயிரக்கணக்கான பேருக்காக நிக்கறாங்க. எப்படிப்பட்ட ஆளுன்னு நான் கேக்கலாம்." குரல் உயரவே இல்லை. "பதில் சொல்லுங்க, மிஸஸ் ஸ்வோபடா."

"எனக்கு ஒரு இடைவேளை வேணும்."

"தாராளமா. பதில் சொன்னதும்."

நாடீன் தாளைப் பார்த்தாள். அவள் அடுப்படியில் தனியாக நின்றிருந்த காலை அது. ஜன்னலில் பனி, கையில் புட்டி. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள்.

பொய் சொல்லலாம். அளவு மறந்துவிட்டது, அதனால் பார்த்தேன் என்று. ஆனால் அன்று மதியம் வந்த நர்ஸை அழைத்து உட்காரவைப்பார்கள். புட்டியைப் பற்றிக் கேட்பார்கள். சத்தியம் செய்தாகிவிட்டது.

அவள் கோரினின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோரினின் முகத்தில் முதலில் குழப்பம் இருந்தது. பிறகு அது போனது.

"சட்டப்பூர்வ உரிமை சம்பந்தமா என் கட்சிக்காரர்கிட்ட ஒரு நிமிஷம் பேசணும். அதுக்கு விதியில இடம் உண்டு," என்றாள்.

"பேசுங்க," என்றார் ஸ்டாண்டிஷ். எதிர்பார்த்தவர் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

கோரின் காதருகே குனிந்தாள். "எங்கிட்ட நீங்க சொல்லலயே." பிறகு, "எதுவும் சொல்லாதீங்க. நான் எழுதறத மட்டும் படிங்க." மஞ்சள் தாளில் எழுதித் தள்ளினாள்.

நாடீன் அதை வாய்விட்டுப் படித்தாள். அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம். தொலைக்காட்சியில் கைவிலங்கோடு வருபவர்கள் சொல்வது.

"நான் சொல்லும் பதில் எனக்கு எதிரான சாட்சியமாகலாம் என்பதால், பதில் சொல்ல மறுக்கிறேன்."

ஸ்டாண்டிஷ் தாள் கட்டை மெதுவாக மூடினார்.

மேசையின் மறுமுனையில் மார்லிஸ் ஃபிளாஸ்க் மூடியைக் கையில் பிடித்தபடி இருந்தாள். காப்பி ஊற்றவில்லை.

"வெஸ் அப்ப சியாட்டில்ல இருந்தான்," என்றாள். "ஏர்போர்ட்ல. அடுத்த ஃப்ளைட்டுக்கு உக்காந்திருந்தான்."

"மார்லிஸ், ப்ளீஸ்." கோரின் கேமராக்காரனிடம் திரும்பினாள். "நிறுத்துங்க. பதிவு வேணாம்."

கேமராக்காரன் ஸ்டாண்டிஷைப் பார்த்தான். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் நிறுத்தலாம். ஸ்டாண்டிஷ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"நான் போய்க் கட்டிலுக்கு விரிப்பு போட்டுக்கிட்டிருந்தேன்," என்றாள் மார்லிஸ். "அவன் பையன் வர்றான்னு மெத்தையத் தட்டிப் போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு நாள்னு சொல்லிட்டுப் போனேன்ல? உன் முன்னாலதானே சொன்னேன்?"

"நாடீன், நீங்க இவங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல," என்றாள் கோரின். "யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. எழுந்திருங்க. வெளிய போகலாம்."

நாடீன் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள் மார்லிஸ். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் நாடீனை நிறுத்தியது. "அவன் கேட்டானா? இல்ல, நீயா பண்ணியா?"

கோரின் அவள் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். வலித்தது. பேசாமல் வெளியே போனால் வழக்கு போகும், அவ்வளவுதான். மற்றதை யாரும் நிரூபிக்க முடியாமலே போகலாம். ஆனால் அந்தக் கேள்வி மார்லிஸிடம் நின்றுவிடும். தம்பியை அவன் கேட்காமலே கொன்றாள் என்றே அவள் சாகும்வரை நினைப்பாள். வெஸ்ஸிடமும் அப்படியே சொல்வாள்.

"அவர்தான் கேட்டார்," என்றாள் நாடீன்.

"ஆட்சேபம்," என்றாள் கோரின், யாரையும் பார்க்காமல்.

"வெஸ் வர்றதுக்கு முன்னாடின்னு கேட்டார். அந்தக் கோலத்துல அவன் பாக்கக் கூடாதுன்னார். நீ போற வரைக்கும் காத்திருந்தார், மார்லிஸ். உங்கிட்ட கேக்க அவருக்கு மனசு வரல."

மார்லிஸ் மூடியை ஃபிளாஸ்கின் மேல் வைத்துத் திருகினாள். இறுகிய பிறகும் திருகிக்கொண்டிருந்தாள்.

இயந்திரத்தின் மேல் விரல்கள் ஓடி முடித்தன. அந்தப் பெண் தலை நிமிரவில்லை. அறையில் மறுபடி சத்தம் வந்தபோது அது மிட்டாய்த் தாளின் சத்தம்.

ஸ்டாண்டிஷ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மூடிய கட்டைத் திறந்து வெற்றுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"உக்காருங்க, மிஸஸ் ஸ்வோபடா," என்றார் அதே மென்மையோடு. "இப்ப நீங்க சொன்னதப் பத்தி எனக்கு இன்னும் கொஞ்சம் கேக்கணும்."